சொட்டும் கீசர்: ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை பிடித்த மறுநாள் காலையிலிருந்து என் தொலைபேசி ஓய்வதில்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் எங்கிருந்து அழைத்தாலும் சொல்வது ஒன்றுதான்: "கீசர் ஒழுகுகிறது, வந்து பாருங்கள்." மாசியோடு அணைத்து வைத்த கீசர் ஏழெட்டு மாதம் சும்மா கிடந்திருக்கும். உள்ளே தேங்கிய தண்ணீரில் உப்பு படிந்திருக்கும், ரப்பர் வாஷர்கள் இறுகிப்போயிருக்கும். பாட்டிக்கு வெந்நீர் வேண்டும் என்று சுவிட்சைப் போட்ட அன்றுதான் சொட்டுவது கண்ணில் படும்.

அழைப்பவர்களில் பலர் அடுத்த மூச்சில் கேட்பது, "புதிதே வாங்கிவிடலாமா?" என்பது. அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் பதில். ஒரு வாஷர் மாற்றினால் தீரக்கூடிய ஒழுக்குக்காக நல்ல கீசரைக் காயலான் கடையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்தொட்டியே ஓட்டையாகிப்போன கீசருக்கு மூன்று முறை வாஷர் மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் நடந்த தவறு ஒன்றே. தண்ணீர் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று யாரும் பத்து நிமிடம் நின்று பார்க்கவில்லை.

இங்கே சொல்வதெல்லாம் சுவரில் மாட்டும் மின்சாரக் கீசருக்கு. 10, 15, 25 லிட்டர் தொட்டி உள்ளவற்றுக்கு முழுவதும் பொருந்தும். சமையலறையில் மாட்டும் 3 லிட்டர் உடனடிக் கீசருக்கும் பெரும்பாலும் பொருந்தும். காஸ் கீசர் வேறு சங்கதி. அதில் நச்சுப்புகை ஆபத்தும் இருப்பதால் அதை நீங்களாகத் திறக்கக்கூடாது.

படி 1: மின்சாரம், பிறகு தண்ணீர்

ஒழுகும் கீசரின் அருகே போவதற்கு முன் மீட்டர் பெட்டிக்குப் போங்கள். கீசருக்கு உரிய எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு விசை) இறக்குங்கள். குளியலறைச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி மாறியிருந்தால் சுவிட்சு அணைந்திருந்தாலும் கீசருக்குள் மின்சாரம் நிற்கும். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும் சாதனம். ஈரத்தோடு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. எம்சிபியை இறக்கிய பிறகு, உலர்ந்த கையால் 16 ஆம்பியர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

குளிக்கும்போது குழாயைத் தொட்டால் சுர்ரென்று பிடித்தது என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், இதற்கு மேல் நீங்கள் எதையும் தொட வேண்டாம். எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த எம்சிபி இறங்கியே இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, கீசருக்குக் கீழே சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். பல ஆண்டுகளாகத் திருப்பாத வால்வு என்றால் உப்பில் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கழுத்தோடு உடைந்து, சொட்டிய தண்ணீர் பீய்ச்சியடிக்கும். கையால் திரும்பவில்லை என்றால் விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய், தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள்.

கீசர் சூடாக இருந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். 25 லிட்டர் தொட்டிக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். பஃப் உறை (சூட்டைத் தக்கவைக்கும் நுரை) போட்ட தொட்டி வெளியே தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே கை வெந்துபோகும் அளவுக்குச் சூடு இருக்கும்.

படி 2: துடைத்துவிட்டுக் காத்திருங்கள்

தண்ணீர் ஓரிடத்தில் கசிந்து, குழாயோடு வழிந்து, வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தையே ஒழுகும் இடம் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

காலடிப்பேட்டையில் ஒரு வீடு. அந்த அம்மா சொன்னார்: "இரண்டு முறை வால்வை மாற்றிவிட்டார்கள் தம்பி, இன்னும் சொட்டுகிறது." கீழே வாளி வைத்திருந்தார். அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியே விடும் சேஃப்டி வால்வின் மூக்கிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. வால்வைத் தொடாமல், பழைய பருத்தித் துணியால் எல்லா இணைப்புகளையும் துடைத்தேன். டிஷ்யூ காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சுற்று சுற்றினேன். பிறகு தண்ணீரை மட்டும் திறந்துவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் முதலில் நனைந்தது வால்வின் மேல் இருந்த காகிதம் இல்லை; வெந்நீர் வெளிவரும் பக்கத்து மேல்நட்டின் காகிதம். அங்கிருந்து கசிந்த நீர் கீசரின் அடித்தட்டோடு ஊர்ந்து வந்து வால்வின் மேல் இறங்கியிருக்கிறது. உள்ளே இருந்த ரப்பர் வாஷரை எடுத்துக் காட்டினேன். வளைத்தால் அப்பளம்போல ஒடிந்தது.

நீங்களும் இதையே செய்யலாம். காகிதம் சுற்ற வேண்டிய இடங்கள் இவை: குளிர்நீர் நுழையும் இணைப்பு, வெந்நீர் வெளிவரும் இணைப்பு, சேஃப்டி வால்வின் வாய், இரண்டு ஹோஸ்களின் (வளையும் இணைப்புக் குழாய்கள்) நான்கு முனைகள், சுவரில் ஆங்கிள் வால்வு இறங்கும் இடம். பெரும்பாலான கீசர்களில் குளிர்நீர்ப் பக்கத்துக்கு நீலமும் வெந்நீர்ப் பக்கத்துக்குச் சிவப்பும் வளையம் போட்டிருப்பார்கள். அடிமூடியின் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். எல்லாக் காகிதமும் காய்ந்திருக்க, செய்தித்தாளில் மட்டும் ஈரம் விழுந்தால் தண்ணீர் மூடிக்கு உள்ளேயிருந்து வருகிறது.

காத்திருக்கும் நேரத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். எப்போது ஒழுகுகிறது? சூடாகும்போது மட்டுமா, குழாயைத் திறக்கும்போது மட்டுமா, நாள் முழுவதுமா? தண்ணீர் என்ன நிறம்? தெளிவாக இருந்தால் வெளி இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பழுப்பாக இருந்தால் உள்ளே இரும்பு கரைகிறது. ஒழுகும் இடத்தைச் சுற்றிக் காய்ந்த வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் இது இன்று தொடங்கிய ஒழுக்கு இல்லை, மாதக்கணக்காக நடந்திருக்கிறது.

மேல்மாடிக் குளியலறையிலிருந்து சுவர் வழியாக இறங்கும் நீரும் கீசரின் பின்புறமாக வழிந்து, கீசர் ஒழுகுவதுபோலவே தோன்றும். கீசரின் மேற்பகுதியும் பின்சுவரும் ஈரமாக இருந்தால், கீசரைக் குறை சொல்வதற்கு முன் மாடி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

படி 3: வெளி இணைப்புகள்

பெரும்பாலான ஒழுக்குகள் இங்கேதான். சரிசெய்வதும் எளிது.

ஹோஸ் முனையின் ரப்பர் வாஷர் சூட்டில் இறுகி, தட்டையாகி, பிடிப்பை இழக்கும். நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சொட்டு நிற்கும், இரண்டு வாரத்தில் மறுபடி தொடங்கும். வாஷரை மாற்றுவதுதான் சரி. வாஷர் இருக்கும் நட்டுக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை, அங்கே நீரை அடைப்பது வாஷர்தான். மரையோடு மரை சேரும் இடங்களுக்குத்தான் டேப். முறுக்கும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

கடலோரத்து வீடுகளில் ஹோஸைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் உப்புக்காற்று மலிவான எஃகுப் பின்னலைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. பின்னல் கம்பியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, ஓரிரு கம்பிகள் அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஒழுகாவிட்டாலும் அந்த ஹோஸை இன்றே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர்க் குழாய் வெடிக்காமல் இருப்பது அந்தப் பின்னலால்தான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஹோஸ் வெடித்தால் மேல்தொட்டி முழுவதும் வீட்டுக்குள் இறங்கிவிடும். வெந்நீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட ஹோஸையே கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் குழாயில் இன்னொரு தவறு நடக்கிறது. வெள்ளை யுபிவிசி குழாய் குளிர்ந்த நீருக்கு மட்டுமே. 60 டிகிரியை நெருங்கினால் அது தளர்ந்துவிடும், மரை இளகும். வெந்நீர்ப் பாதைக்குத் தந்த நிறத்தில் வரும் சிபிவிசி குழாய்தான் வேண்டும், அது 90 டிகிரி வரை தாங்கும். கீசரில் மாட்டும் முனையில் பித்தளை மரை பதித்த இணைப்பைப் போடச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரை சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு பருவம் முடிவதற்குள் கசியத் தொடங்கும்.

படி 4: சேஃப்டி வால்வு சொட்டினால் பதறாதீர்கள், அடைக்கவும் செய்யாதீர்கள்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தண்ணீர் சூடானால் விரியும். 30 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் நீர் 65 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ கால் லிட்டர் அதிகமாகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு டம்ளர் எங்கேயாவது போயாக வேண்டும். பழைய முறையில் அது வந்த குழாயிலேயே பின்வாங்கி மேல்தொட்டிக்குப் போகும். இப்போதைய சேஃப்டி வால்வுகளில் நீர் பின்வாங்காமல் தடுக்கும் ஒருவழி அமைப்பு இருக்கிறது. வெந்நீர் குளிர்நீர்க் குழாயில் திரும்பிப் போகாமல் இருக்கவும், மேல்தொட்டி காலியானால் கீசரும் சேர்ந்து காலியாகாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. ஆகவே விரிந்த நீர் உள்ளேயே அழுத்தத்தை ஏற்றும். வால்வின் மேல் பொறித்த எல்லையை, பல வால்வுகளில் 8 பார், அந்த அழுத்தம் தாண்டியதும் வால்வு திறந்து சில சொட்டுகளை வெளியே விடும்.

எனவே சுவிட்சைப் போட்டு, தண்ணீர் சூடாகும் நேரத்தில் மட்டும் வால்வின் வாயில் சொட்டினால் அது பழுது இல்லை. வால்வு தன் வேலையைச் செய்கிறது. வாயில் ஒரு மெல்லிய குழாயை மாட்டித் தரைச் சாக்கடைப் பக்கம் இறக்கிவிடுங்கள், போதும். அந்தக் குழாய் கீழ்நோக்கியே போக வேண்டும், மடங்கக்கூடாது, அதன் முனை எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

கீசர் ஆறிக் கிடக்கும்போதும் நாள் முழுவதும் சொட்டினால் அது பழுது. இதைக் கணக்குப் போட்டே அறியலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 பார் அழுத்தம் தரும். மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டி, தரைத்தளக் கீசருக்குத் தருவது 1 பாரை ஒட்டிய அழுத்தம்தான். அதைக் கொண்டு 8 பார் வால்வு திறக்காது. அப்படியும் சொட்டினால் வால்வுக்குள் மணலோ உப்புத்துகளோ மாட்டிக்கொண்டு முழுதாக மூட விடாமல் தடுக்கிறது. வால்வில் சிறு நெம்புகோல் இருந்தால், கீசர் நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் வரவு திறந்திருக்க, நாலைந்து முறை தூக்கி விடுங்கள். தண்ணீர் வேகமாகப் பாய்ந்து துகளை அடித்துக்கொண்டு போய்விடும். பிறகும் நிற்கவில்லை என்றால் வால்வையே மாற்றுங்கள். விலை பெரிதில்லை.

சொட்டு பெருகித் தாரையாகி, கொதிநீரும் ஆவியுமாக வந்தால் நிலைமை வேறு. தெர்மோஸ்டாட் பழுதாகி, அணைய வேண்டிய சூட்டில் அணையாமல் கீசர் கொதித்துக்கொண்டிருக்கிறது. உடனே எம்சிபியை இறக்குங்கள். குழாயைத் திறந்து ஆற்ற முயலாதீர்கள், ஆவி அடிக்கும். சில கீசர்களில் ஈயக்கலவை அடைத்த ஒரு சிறு ஃப்யூசிபிள் பிளக் இருக்கும். சூடு எல்லை மீறினால் அது உருகித் தண்ணீரை வெளியேற்றும். திடீரென்று அந்த வழியாகத் தண்ணீர் கொட்டினால், பிளக்கை மட்டும் மாற்றி விட்டுவிடக்கூடாது, தெர்மோஸ்டாட்டையும் மாற்ற வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில், சொட்டுவது எரிச்சலாக இருக்கிறது என்று வால்வின் வாயில் எம்-சீல் உருட்டி அடைத்திருந்தார்கள். தச்சர் வைத்ததுபோல அவ்வளவு அழகான அடைப்பு. கீசரின் அடித்தட்டு வெளிப்பக்கம் புடைத்திருந்தது. அதற்கு நேர் கீழே குழந்தையைக் குளிப்பாட்டும் முக்காலி. தெர்மோஸ்டாட் ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், அந்தத் தொட்டி வெடித்திருக்கும். எம்-சீல், ஆணி, மரமுளை, குழாய் மூடி எதுவானாலும் சரி, சேஃப்டி வால்வின் வாயை அடைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அடைத்திருந்தால் இந்த வரியோடு நிறுத்திவிட்டு, எம்சிபியை இறக்கிவிட்டு வாருங்கள்.

படி 5: அடிமூடிக்குள்ளிருந்து வந்தால்

மின்சாரம் முழுதாக அணைந்திருப்பதை டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். மின்வேலை பழக்கம் இல்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் அவர் செய்யும்போது அருகில் நின்று பாருங்கள்.

மூடிக்கு உள்ளே ஒரு வட்டத்தட்டு ஐந்தாறு நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். தண்ணீரைச் சூடாக்கும் காயிலும் தெர்மோஸ்டாட் குழாயும் அதில்தான் பொருத்தப்பட்டிருக்கும். தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கெட். அந்தத் தட்டின் விளிம்பில் ஈரமும் வெள்ளைப் பொருக்கும் தெரிந்தால் கேஸ்கெட் போய்விட்டது. தொட்டியை வடித்து, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, அதே மாடலுக்கு உரிய புதியதைப் போட வேண்டும். நட்டுகளை வரிசையாக இறுக்கக்கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை இறுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் கசியும். காயில் மாற்ற வருபவர் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டால் தடுத்துச் சொல்லுங்கள். சில நாளில் ஒழுகும்.

முன்பு தள்ளிவைத்த மின்கசிவுக்கு வருகிறேன். காயிலின் மேல் உப்பு கெட்டியாகப் படிந்தால், அது உண்டாக்கும் சூடு நீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கும். காயிலின் உலோக உறை வெடிக்கும். வெடிப்பு வழியாக நீர் உள்ளே புகுந்தால் மின்சாரம் தண்ணீரில் இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனால் இருப்பதிலேயே கொடிய ஒழுக்கு இதுதான். எர்த் சரியாக இருந்து, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருந்தால், கீசரைப் போட்டதும் அது விழும். விழுகிறதே என்று ஆர்சிசிபியைச் சுற்றி நேரடியாக ஒயர் போட்டுக் கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்தக் கருவி வீட்டில் இல்லை என்றால், கீசர் செலவைத் தள்ளிவைத்தாவது முதலில் அதைப் போடுங்கள்.

படி 6: உள்தொட்டி ஓட்டையா?

அறிகுறிகள் தெளிவானவை. எந்த இணைப்பிலும் ஈரம் இல்லை, தட்டின் விளிம்பும் காய்ந்திருக்கிறது, ஆனால் வெளிக்கூட்டின் பொருத்து வழியாகவோ ஊறிப்போன பஃப் உறை வழியாகவோ தண்ணீர் இறங்குகிறது. சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் நிற்பதில்லை. பெரும்பாலும் துருநிறம். காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதல் குவளை பழுப்பாக வரும்.

இதற்கு மருந்து இல்லை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் உண்டு. வெல்டிங் சூட்டில் உட்பக்கக் கண்ணாடிப் பூச்சு தெறித்து, ஓர் ஓட்டை இருந்த இடத்தில் நாலு ஓட்டை வரும். வெளியே பசை பூசினால் உள்ளழுத்தம் அதைத் தள்ளிவிடும். வாரன்டி அட்டையைத் தேடுங்கள். முழுக் கீசருக்கு இரண்டு ஆண்டு என்றிருந்தாலும், உள்தொட்டிக்குப் பெரும்பாலும் தனியாக ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ கொடுத்திருப்பார்கள். தண்ணீரின் உப்புத்தன்மை பற்றி அதில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரன்டி முடிந்திருந்தால் அந்தக் கீசருக்கு இனி பணம் செலவழிக்காதீர்கள்.

ஆனால் புதிது வாங்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

நம் பகுதித் தண்ணீரும் கீசரின் ஆயுளும்

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக அறிந்த சங்கதி. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவு அது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கிறது என்று சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை, நாக்கே சொல்லிவிடும். மறுபுறம், மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2010-இல் தொடங்கியபின் வடசென்னைக் குழாய்களில் அந்த நீரும் வரத் தொடங்கியது. புழல் ஏரித் தண்ணீர் நெடுங்காலமாக வருவது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கீசர் பன்னிரண்டு ஆண்டு உழைப்பதும், பக்கத்து வீட்டுக் கீசர் மூன்று ஆண்டில் ஒழுகுவதும் இதனால்தான். முதல் வீட்டில் மெட்ரோ தண்ணீர், அடுத்ததில் போர் தண்ணீர்.

தண்ணீரில் கீசருக்குப் பகை இரண்டு. ஒன்று கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். சூடானதும் இவை வெள்ளைப் பொருக்காகப் படியும். 60 டிகிரிக்கு மேல் படிவது வேகமாகும். இது காயிலைக் கெடுக்கும், வால்வை அடைக்கும். மற்றொன்று குளோரைடு, கடலுப்பின் பங்கு. இது பொருக்காகப் படியாது, உலோகத்தைத் துளைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ளும் குளோரைடு 250 மில்லிகிராமுக்குள்ளும் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத நிலையில் முறையே 600, 1,000 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது.

கண்ணாடிப் பூச்சுள்ள இரும்புத் தொட்டிக்குள் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும், ஆனோடு என்பார்கள். பூச்சில் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். அந்த இடங்களில் இரும்பு அரிக்கப்படாமல், அதற்குப் பதில் இந்தக் கம்பி கரைந்து தொட்டியைக் காக்கும். கம்பி முழுதும் கரைந்து முடிந்த நாளிலிருந்து தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கும். உப்பு நீரில் கம்பி சீக்கிரம் கரையும். நான் கழற்றியவற்றில் சில, பென்சில் தடிமன்கூட இல்லாமல் நடுவில் வெறும் இரும்பு ஊசி மட்டும் மிஞ்சியிருந்தன. போர் தண்ணீர் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை இதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கீசரின் ஆயுளைக் கூட்டும் செலவுகளில் இதைவிட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை. வாங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கம்பி உள்ளே இருப்பதே தெரியாத வீடுகள்தான் அதிகம்.

குளோரைடு மிகுந்த நீருக்கு எவர்சில்வர் தொட்டி நல்லது என்று சில கடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எவர்சில்வரும் குளோரைடில் துளை விழும், அதுவும் வெல்டிங் வைத்த இடத்தில். நல்ல கண்ணாடிப் பூச்சு, தடிமனான ஆனோடு, இதுதான் நம் கடலோரத்துக்கு என் தேர்வு. மின்சாரக் கீசருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2082 முத்திரையும், பிரஷர் பம்ப் உள்ள வீடானால் தாங்கும் அழுத்தம் 8 பார் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் மெட்ரோ தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி இருந்தால், கீசருக்கு மெட்ரோ தொட்டியிலிருந்து குழாய் கொடுங்கள். குழாய்க்காரருக்கு அரை நாள் வேலை. தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். நம் ஊர் மார்கழிக்கு அது தாராளம், பொருக்கும் குறையும்.

எங்கள் பாட்டி வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுக்குழலில் கரி போட்டு மூட்டுவார்கள். "தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு வைக்காதே" என்று பாட்டி ஒவ்வொரு நாளும் சொல்வார். நீர் இல்லாமல் சூடேறினால் பொருத்துகளில் வைத்த ஈயம் உருகி, அடுத்த முறை ஊற்றும் தண்ணீர் முழுவதும் அடுப்பில் இறங்கும். மின்சாரக் கீசருக்கும் அந்தப் பேச்சு அப்படியே பொருந்தும். காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் காயில் சில நிமிடங்களில் கருகும்.

படி 7: வடிப்பது, கழுவுவது, மறுபடி நிரப்புவது

ஆறிய கீசரில் தண்ணீர் வரவை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போகட்டும். கீழே பெரிய வாளி வைத்து, வடிகால் திருகாணி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் குளிர்நீர் ஹோஸையும் வால்வையும் கழற்றுங்கள். 25 லிட்டர் என்றால் இரண்டு வாளிகள் தயாராக இருக்கட்டும். வடிவதில் வெள்ளைச் செதில்கள் வந்தால் உள்ளே பொருக்கு நிறைய இருக்கிறது, தட்டைக் கழற்றிக் கையால் அள்ள வேண்டும். காயிலை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் பொருக்கு இளகும். கடை ஆசிடை ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அது உலோகத்தையும் சேர்த்து அரிக்கும், எவர்சில்வர் தொட்டியாக இருந்தால் துளைக்கே வழி போடும்.

கழற்றிய கையோடு சுவரில் மாட்டிய கொக்கிகளையும் பாருங்கள். 25 லிட்டர் கீசர் நிறைந்திருக்கும்போது 35 கிலோவை நெருங்கும். உப்புக்காற்றில் போல்ட்டு துருவேறி, அதன் கழுத்து மெலிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பொருத்திய பின், வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே தண்ணீரை விடுங்கள். முதலில் காற்று புஸ் புஸ்ஸென்று வரும், பிறகு விட்டுவிட்டுத் தண்ணீர் வரும். இடைவிடாமல் ஒரே சீராக வரும்வரை காத்திருந்து, பிறகு குழாயை மூடுங்கள். மறுபடி எல்லா நட்டுகளிலும் டிஷ்யூ காகிதம் சுற்றுங்கள். மின்சாரம் கொடுக்காமல் அரை மணி நேரம், பிறகு மின்சாரம் கொடுத்து ஒருமுறை முழுதாகச் சூடேற்றி, அணைத்துவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எம்சிபியை இறக்கிவிட்டுக் காகிதங்களைத் தொட்டுப் பாருங்கள். வால்வின் வாயில் இருப்பது மட்டும் நனைந்து, மற்றவை எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் பாட்டிக்கு வெந்நீர் பிடிக்கலாம்.